விசிட்டர் ஒன்று

சாரதாமணி தன் சொந்த வீட்டு ஹாலில் விசிட்டராக ஆனது இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அதற்கு முன்பு அவள் அதே வீட்டில் பத்தொன்பது வருடம் குடியிருந்திருக்கிறாள்.

வீடு திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். ஷெட்டில் இருபத்திரண்டு தையல் மிஷின்கள். அவள் புருஷன் கன்னையன் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் குழந்தைகள் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காதர்பேட்டையில் பனியன் மூட்டை சுமந்து மேலே வந்த மனிதர். துணியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாரென்றால் அது எந்த மில் நூல் என்பது வரைக்கும் சொல்வார். ஆனால் கம்ப்யூட்டர் மவுஸைத் தொட்டால் அவருக்குக் கை வியர்த்துவிடும். அது எப்போது எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது என்பது அவர் கருத்து.

கம்ப்யூட்டர் வேலை முழுக்க சாரதாமணியுடையது. இனிமேல் எல்லாத் தகவலும் மெயிலில்தான் வரும் என்று கம்பெனி சொன்னபோது பத்தாவது வரை படித்திருந்த அவள், பக்கத்துத் தெரு பிரௌசிங் சென்டரில் பத்து நாள் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தாள். அப்புறம் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மெயில் பார்ப்பது, சரக்குப் பெட்டிக் கணக்கு அடிப்பது, கம்பெனி கேட்ட கேள்விக்குப் பதில் போடுவது எல்லாம் அவள்தான். சாம்பார் கொதிக்கும் நேரத்துக்குள் மூன்று மெயில் அனுப்பிவிடுவாள். மூன்று வருடத்தில் ஒரு தப்பு வந்ததில்லை.

அந்தப் புதன்கிழமை பக்கத்து வீட்டு மயிலாள் வந்திருந்தாள். அவள் மகளுக்கு எந்தக் காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது என்று இன்டர்நெட்டில் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் பைக் நின்றது. கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் துறை அதிகாரி செல்வக்குமார், கையில் தடித்த நீல ஃபைலோடு உள்ளே வந்தார்.

கம்ப்ளையன்ஸ் துறை என்பது வெளிநாட்டு வியாபாரிகள் போடும் நிபந்தனைகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் துறை. முந்தைய வருடம் அவர்கள் தீயணைப்புக் குழாய், கக்கூஸ், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார்கள். பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லாமல் துறை தவித்துக்கொண்டிருந்தபோதுதான் யாருக்கோ கம்ப்யூட்டர் ஞாபகம் வந்திருக்கிறது.

செல்வக்குமார் மயிலாளைச் சுட்டிக் காட்டினார்.

"இவங்க யாருங்க?"

"பக்கத்து ஊட்டு அக்காங்க."

"கம்பெனியோட சம்பந்தப்பட்டவங்களா?"

"இல்லீங்க. புள்ளைக்கு சீட்டு பாக்க வந்தாங்க."

செல்வக்குமார் கண்ணை மூடித் திறந்தார். ஒரு பெரிய விபத்தைக் கடைசி நொடியில் தடுத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். மயிலாள் மகளுக்கு எங்கே சீட் என்று தெரியாமலேயே எழுந்து போய்விட்டாள்.

அவர் ஃபைலைப் பிரித்து ஒரு படிவத்தை எடுத்தார். வீட்டில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரில் யார் யார் உட்காரலாம், உட்கார்ந்தால் என்னென்ன செய்யலாம் என்று வரையறுக்கும் படிவம். கம்ப்யூட்டரின் தலைமைப் பொறுப்பாளருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். அது தொழில் லைசென்ஸில் பெயர் உள்ள ஓனராகத்தான் இருக்க வேண்டும். ஆகவே கன்னையன். ஷெட்டிலிருந்து நூல் துகள் ஒட்டிய தலையோடு வந்து நின்ற கன்னையன், தனக்கு ஏதோ பதவி கிடைத்திருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

"மத்தபடி யாருங்க இதை உபயோகிக்கறது?"

"நான்தானுங்க," என்றாள் சாரதாமணி.

"நீங்க இந்த யூனிட்ல என்னவா இருக்கீங்க?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தாள். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் கிடையாது. பங்குதாரரும் கிடையாது. "அவரு சம்சாரமுங்க," என்றாள்.

செல்வக்குமார் படிவத்தில் அப்படியொரு கட்டம் இருக்கிறதா என்று மேலிருந்து கீழாகத் தேடினார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஓனர், ஸ்டாஃப், தொழிலாளி, விசிட்டர். நாலுதாங்க இருக்குது. ஸ்டாஃப்னு போட்டா நியமன உத்தரவு வேணும். தொழிலாளின்னா பி.எஃப். நம்பர் வேணும். விசிட்டருக்கு ஒண்ணும் வேண்டாம். விசிட்டர்னே போட்டுரலாங்க."

"நான் இந்த ஊட்டுக்காரிங்க."

"ஊடு வேறங்க, கம்ப்யூட்டர் வேறங்க. ஊட்டுக்குள்ள நீங்க ஊட்டுக்காரி. கம்ப்யூட்டருக்குள்ள விசிட்டர் நம்பர் ஒண்ணு."

அதற்குப் பிறகு அவர் ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டு கணக்குகளைத் திறந்தார். கன்னையன் பெயரில் ஒன்று, 'விசிட்டர் 1' என்று ஒன்று. விசிட்டர் கணக்கைத் திறந்து பார்த்தால் திரையில் மூன்று படங்கள் மட்டும் இருந்தன. ஒரு கால்குலேட்டர், ஒரு கடிகாரம், ஒரு சீட்டு விளையாட்டு. இன்டர்நெட் கிடையாது. பெட்டிக் கணக்கைத் திறக்க முடியாது. பிரிண்ட் எடுக்க முடியாது.

"சீட்டு வெளையாடலாமுங்களா?" என்றாள் சாரதாமணி.

"தாராளமா வெளையாடலாம். அதுல ஆபத்து இல்லீங்க."

"மெயில் நானு பாக்காம யாருங்க பாக்கறது?"

செல்வக்குமார் இதற்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதுகாப்புன்னா என்னனு பல பேருக்குத் தெரியறதில்லீங்க. வேண்டாதவங்க உள்ள வராம பண்றது சாதாரணப் பாதுகாப்பு. அதை ஒரு பூட்டே செஞ்சிரும். அதுக்கு ஒரு துறை எதுக்கு? வேண்டியவங்களே உள்ள வரக் கஷ்டப்படோணும். அப்பத்தான் பாதுகாப்பு நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்."

கிளம்பும் முன் அவர் கம்ப்யூட்டர் மேஜையைச் சுற்றித் தரையில் மூன்றடி தள்ளி மஞ்சள் டேப் ஒட்டினார். சாரதாமணிக்கு ஒரு சிவப்புக் கயிறும் அதில் தொங்கும் அட்டையும் கொடுத்தார். அட்டையில் 'விசிட்டர்' என்று இருந்தது. ஒரு நீள நோட்டையும் டிவி மேல் வைத்தார். கம்ப்யூட்டரிடம் போகும்போதெல்லாம் அதில் பெயர், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, என்ன காரணம், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுத வேண்டும். முதல் நாள் அவள் 'எங்கிருந்து' என்ற இடத்தில் 'சமையல்கட்டு' என்று எழுதினாள். செல்வக்குமார் அடுத்த முறை வந்தபோது அதை அடித்துவிட்டு 'திருப்பூர்' என்று திருத்தினார்.

அன்றிலிருந்து மெயில் வேலை இப்படி நடந்தது. கன்னையன் ஷெட்டில் வேலையை விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவார். சாரதாமணி கழுத்தில் அட்டையோடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று சொல்லுவாள். அவர் ஆள்காட்டி விரலால் அடிப்பார்.

"அங்க எஸ் அடிங்க."

"எங்க இருக்குது?"

"ஏ-வுக்குப் பக்கத்துல."

"ஏ எங்க இருக்குது?"

இரண்டு வரிப் பதிலுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினாள். "வேண்டாம் புள்ள," என்று கன்னையன் பதறிவிட்டார். "அந்தப் பையன் திடீர்னு வந்து நிப்பான். ரிப்போர்ட்டுல எழுதிட்டான்னா ஆர்டரு போயிரும். இருபத்திரண்டு மிஷினு, முப்பது குடும்பம்." அவர் மிரட்டவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அந்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு யூனிட், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு பழையதாக இருந்தது என்று ஆர்டரை இழந்திருந்தது. சாரதாமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பாஸ்வேர்டு இன்னொரு சங்கடம். அது பன்னிரண்டு எழுத்து இருக்க வேண்டும். பெண்டாட்டி பெயர், பிள்ளை பெயர், சாமி பெயர், ஊர்ப்பெயர், வண்டி நம்பர் எதுவும் கூடாது. கன்னையனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் மனப்பாடம் கிடையாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிது மாற்ற வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. அவர் ஒரு தடவை கட்டிங் மேஜையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்ததைச் செல்வக்குமார் தன் கர்ச்சீஃபால் துடைத்து அழித்தார். பாஸ்வேர்டின் ஒரு நகல் ஒட்டிய கவரில் கம்பெனி பீரோவில் இருக்கும். அதைப் பிரிக்கப் பாதுகாப்புக் கமிட்டியின் மூன்று கையெழுத்து வேண்டும். கமிட்டி வியாழக்கிழமைதோறும் கூடும்.

"திங்கக்கிழம மறந்துபோச்சுன்னா?" என்று கேட்டாள் சாரதாமணி.

"மறக்கக் கூடாதுன்னு பாலிசியில இருக்குதுங்க," என்றார் செல்வக்குமார்.

இதையெல்லாம் சரிபார்க்க வெளிநாட்டு வியாபாரி நடத்தும் ஆடிட் நெருங்கியதும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி நடந்தது. கம்ப்யூட்டரைத் தொடாத முப்பது பேரை ஷெட்டில் வரிசையாக உட்கார வைத்துச் செல்வக்குமார் பாடம் எடுத்தார். செக்கிங் பார்க்கும் ஒச்சம்மாளை எழுப்பிக் கேட்டார். அவள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவள்.

"யாராச்சும் வந்து உங்க பாஸ்வேர்டைக் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"எங்கிட்ட ஏது சார் அதெல்லாம்?"

"இல்லைன்னு சொல்லக் கூடாதுங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லணும்."

"இல்லாததை எப்படி சார் சொல்ல மாட்டேங்கிறது?"

"அதாங்க உறுதி. ஆடிட்டர் எவ்வளவு கேட்டாலும் சொல்ல மாட்டேன்னே நிக்கோணும்."

ஒச்சம்மாள் சாரதாமணியைப் பார்த்தாள். சாரதாமணி தலையாட்டினாள். "சரி சார். கொன்னே போட்டாலும் சொல்ல மாட்டேன்," என்றாள் ஒச்சம்மாள். அவளுக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஆடிட் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கே சரக்கும் போக வேண்டியிருந்தது. தூத்துக்குடிக்குப் போகும் லாரி நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். தப்பினால் கப்பல் தப்பும். ஷெட் வாசலில் இருநூற்றுப் பத்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெளிநாட்டு வியாபாரி அனுப்பிய ஆடிட்டர் மாதவன் சென்னையிலிருந்து வந்திருந்தார். மெலிந்த, சத்தமே போடாத மனிதர். அவர் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் கன்னையன் எழுந்து நின்றார்.

இரண்டே முக்கால் மணிக்குப் போன் அடித்தது. கம்பெனியில் இந்த ஆர்டரைக் கவனிக்கிற அனுசுயா.

"அக்கா, மெயில் பாத்தீங்களா?"

"இல்லியே அம்மிணி. ஆடிட் நடக்குது. என்ன சமாச்சாரம்?"

"உடனே பாருங்கக்கா. வெளிநாட்டுப் பையரு ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. லாரி போறதுக்குள்ள பாக்கணும்."

"என்னன்னு நீயே சொல்லு."

அனுசுயா குரலைத் தாழ்த்தினாள். "போன்ல சொல்லக் கூடாதுன்னு புது ரூல் போட்டிருக்காங்கக்கா. பக்கத்துலயே கம்ப்ளையன்ஸ் ஆள் உக்காந்திருக்காரு. வாய்வழித் தகவல் செல்லாதாம். மெயில்ல இருக்கு. தயவு செஞ்சு பாருங்க. முக்கியமானது." போன் வைக்கப்பட்டது.

அனுசுயா அப்படிப் பதறுகிற பெண் அல்ல. சாரதாமணி நோட்டில் இரண்டு ஐம்பது என்று வந்த நேரத்தை எழுதிவிட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டில் போய் நின்றாள். கன்னையன் நாற்காலியில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை. காலையில்தான் செல்வக்குமார் முன்னிலையில் புதுப் பாஸ்வேர்டு போட்டிருந்தார். பக்கத்து சோபாவில் மாதவனும் செல்வக்குமாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கன்னையன் அடித்தார். தவறு என்று வந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். தவறு.

"பெரிய எழுத்து எதுனு பாத்து அடிங்க," என்றாள் சாரதாமணி.

"விசிட்டர் பேசக் கூடாது," என்றார் மாதவன் மென்மையாக.

மூன்றாவது முறை கன்னையன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரையில் நீளமாக ஒரு வாசகம் வந்தது. கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் திறக்கும்.

சாரதாமணி செல்வக்குமாரைப் பார்த்தாள். "அந்தக் கவரைப் பிரிக்கச் சொல்லுங்க."

"பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் இன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பூட்டு பூட்டுதான். அதுவும் போக, கமிட்டி வியாழக்கிழமைதானுங்க கூடும்."

"லாரி நாலு மணிக்குப் போகுது."

"கமிட்டிக்கு அது தெரியாதுங்க."

மாதவன் எழுந்து வந்து திரையைக் குனிந்து படித்தார். அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒரு முறைதான்.

"எட்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். எல்லா இடத்திலும் பேப்பரில் எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே போனால் கதவு திறந்து கிடக்கும். இங்கேதான் முதல்முறையாக ஓனரே உள்ளே போக முடியாத ஒரு அமைப்பைப் பார்க்கிறேன். உங்கள் கம்பெனியைப் பாராட்ட வேண்டும், மிஸ்டர் செல்வக்குமார். தகவல் உள்ளே இருக்கிறது. யாராலும் எடுக்க முடியவில்லை. இதைத்தான் நாங்கள் பத்திரம் என்று சொல்கிறோம்."

செல்வக்குமார் கூச்சத்தோடு தலைகுனிந்தார்.

பின்னால் ஷெட்டில் முதல் பெட்டி லாரியில் ஏறும் சத்தம் கேட்டது. சாரதாமணி கன்னையன் பக்கத்தில் போனாள். "நான் பிரௌசிங் சென்டருக்குப் போறனுங்க," என்றாள் மெதுவாக. மெயிலின் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளே போட்டது. செல்வக்குமாரின் படிவத்தில் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுக்குக் கட்டம் இருந்ததே தவிர, மெயில் பாஸ்வேர்டுக்குக் கட்டம் இல்லாததால் அதை யாரும் கேட்கவுமில்லை, மாற்றவுமில்லை.

கன்னையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சாரதா. வெளிய போய் மெயில் பாத்தா அது பெரிய குத்தம்னு அந்த ஃபைல்ல இருக்குது. அந்த ஆளு இங்கயே உக்காந்திருக்காரு. ஆடிட் முடியட்டும். அஞ்சு மணிக்குப் போயிருவாரு."

"லாரி போயிருமுங்க."

"என்னமோ லேபிள் கீபிள் மாத்தமா இருக்கும்."

"அதுக்கு அந்தப் புள்ள அப்படிப் பேசாதுங்க."

அவர் கையை விடவில்லை. சாரதாமணி ஒரு கணம் நின்றாள். போனால் ஆர்டர் போகலாம். இருபத்திரண்டு மிஷினும் நின்றுவிடலாம். போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கழுத்தில் கயிறோடே வாசலைத் தாண்டி நடந்தாள். தெருமுனை வரை நடை. அதற்கப்புறம் ஓட்டம்.

பிரௌசிங் சென்டரில் எட்டுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் மெயில் திறந்துவிட்டது.

நான்கு வரிதான் இருந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட அளவுகளில் கழுத்துப் பட்டன் பரிசோதனையில் தோற்றுவிட்டது. இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கும். அந்த அளவுப் பெட்டிகளை எக்காரணம் கொண்டும் ஏற்ற வேண்டாம்.

அவள் இரண்டு முறை படித்தாள். 'பார்த்தோம். அந்தப் பெட்டிகளை நிறுத்துகிறோம்' என்று பதில் அடித்தபோது அவளுக்கு ஒரு எழுத்தும் பிசகவில்லை.

திரும்பி வரும்போது மணி மூன்றே முக்கால். லாரியில் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். மூச்சு வாங்க நின்று, "எறக்குங்க," என்றாள். லோடு ஏற்றியவர்கள் முழித்தார்கள். "சின்ன அளவு பூராத்தையும் எறக்குங்க. ஒச்சம்மா, நீ மேல ஏறு. ஸ்டிக்கரைப் பாத்துச் சொல்லு."

ஒச்சம்மாள் ஒரு கேள்வியும் கேட்காமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். தையலை விட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள். ஏற்றியதில் பாதி இறங்கியது. ஏற்றாதது கைமாறி ஏறியது. எழுபத்திரண்டு பெட்டிகள் ஷெட்டுக்குள்ளே திரும்பிப் போயின. தாமதத்தை வழியில் பிடித்துவிடலாம் என்று டிரைவர் சொல்ல, நாலு மணி தாண்டிப் பன்னிரண்டு நிமிடத்தில் லாரி கிளம்பிப் போனது. கன்னையன் ஒரு பெட்டியைக் கிழித்து, உள்ளே இருந்த கைக்குட்டை அளவுப் பனியனை எடுத்து, பட்டனைப் பிடித்து இழுத்தார். முதல் இழுப்புக்கே அது அவர் விரலோடு வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்வக்குமாரும் மாதவனும் ஷெட் வாசலில் நின்றிருந்தார்கள்.

"மெயில்தான் திறக்கலையே. பின்ன இந்தத் தகவல் எப்படி வந்துதுங்க?" என்று கேட்டார் செல்வக்குமார்.

"பிரௌசிங் சென்டர்ல போய்ப் பாத்தனுங்க," என்றாள் சாரதாமணி.

மாதவன் பேனாவைத் திறந்தார்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அனுசுயா அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். ஓனர் கணக்கின் பாதுகாப்பு, மிகச் சிறப்பு. தொழிலாளர் விழிப்புணர்வு, மிகச் சிறப்பு. குறிப்பாக ஒச்சம்மாள் என்பவர் பாஸ்வேர்டைக் கடைசிவரை வெளியிடவில்லை. விசிட்டர் நிர்வாகத்தில் இரண்டு கடுங்குறைகள். விசிட்டர் ஒன்று வெளியிடத்தில் மெயிலைத் திறந்தார். தவிர, பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு உள்ளே வந்த அவர் வெளியேறிய நேரத்தை எழுதவில்லை; ஆவணங்களின்படி அவர் இன்னமும் உள்ளேயே இருக்கிறார். விசிட்டர் ஒன்றை நிரந்தரமாக நீக்கி, அவர் இனிமேல் கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார் என்று ஓனர் ஏழு நாளுக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராவிட்டால் புது ஆர்டர் இல்லை.

"பட்டன் சரக்கு நின்னதைப் பத்தி ஒண்ணும் இல்லியா அம்மிணி?"

"கம்பெனியே தப்பிச்சுதுக்கா உங்களால. அதை ரிப்போர்ட்ல சேக்கச் சொல்லி நானே போய்க் கேட்டேன். குறைக்குத்தான் படிவம் இருக்காம், இதுக்கு இல்லையாம்."

படிவத்தைச் செல்வக்குமார் ஆள் மூலம் அனுப்பியிருந்தார். ஆறு நாள் அது டிவி மேல் கிடந்தது. சாரதாமணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முப்பது குடும்பத்துக்கு முன்னால் தன் மானத்தை வைத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் அவள் ஹாலில் நடக்கும்போது மஞ்சள் கோட்டைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். கன்னையன் அதைக் கவனித்தார்.

ஏழாம் நாள் காலை அவர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். படிவத்தை வாய்விட்டுப் படித்தார்.

"அட்மினிஸ்ட்ரேட்டரு ஓனராத்தான் இருக்கோணும். அப்படித்தானே போட்டிருக்கான்?"

"ஆமாங்க."

"ஓனரு ஆம்பளையா இருக்கோணும்னு போட்டிருக்கானா?"

சாரதாமணி அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். "இல்லீங்க."

கன்னையன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "துணி மாத்திட்டு வா. லைசென்ஸ் பேப்பர் எழுதறவரு பத்து மணிக்கு வந்துருவாரு."

"நீங்க நல்லா யோசிச்சீங்களா?"

"அந்தப் பட்டனு என்ற விரல்ல வந்ததுல இருந்து அதைத்தான் யோசிக்கறேன். உன்னைப் போக வேண்டாம்னு கையைப் புடிச்சேனே." எழுந்து செருப்பை மாட்டினார்.

அன்று மத்தியானத்துக்குள் லைசென்ஸை அவள் பெயருக்கு மாற்ற மனு எழுதி, உரிமையாளர் என்ற இடத்தில் சாரதாமணி கையெழுத்துப் போட்டு, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி, அதன் நகலைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். விசிட்டர் ஒன்று இனி வரமாட்டார் என்று புது ஓனராக அவளே கையெழுத்துப் போட்ட படிவமும் கூடவே போனது. விசிட்டர் ஒன்று நிரந்தரமாக நீக்கப்பட்டார்.

மூன்று மணிக்குச் செல்வக்குமார் போன் பண்ணினார். கன்னையன் எடுத்தார்.

"ஏனுங்க, ரசீது பாத்தனுங்க. ஏதோ பேர் மாறி அடிச்சிருக்காங்க. ஓனர்கிட்டப் பேசோணுமுங்க."

"ஒரு நிமிசம் இருங்க," என்று போனைச் சாரதாமணியிடம் நீட்டிவிட்டு, கன்னையன் ஷெட்டைப் பார்த்து நடந்தார்.

"சொல்லுங்க," என்றாள் சாரதாமணி.

"மேடம், ஓனரைக் கூப்புடுங்க."

"சொல்லுங்க."

மறுமுனையில் ஃபைலைப் புரட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அப்படி மாறக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் செல்வக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படீன்னா எல்லாத்தையும் முதல்ல இருந்து போடோணுமுங்க, மேடம். திங்கக்கிழம காலைல வரட்டுங்களா?"

"திங்கக்கிழம வேண்டாம். சரக்கு போகுது," என்றாள் சாரதாமணி. "வியாழக்கிழம வாங்க. வரதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுட்டு வாங்க."